முனியசாமி கிடாவின் வாரிசு

குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் அந்தப் பாட்டில் இல்லை. இருளம்மாள் மோர்ச் சட்டியை நகர்த்திப் பார்த்தாள். மாவுத் தூக்கை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, இங்கன ஒரு பாட்டிலு வச்சிருந்தேனே?”

சோலைராஜ் கொல்லைக் குழாயடியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நனைந்திருந்தது.

“மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே, அதா? கொட்டிட்டேன்.”

“கொட்டிட்டியளா!”

“முட்டைக் கருவுல செஞ்சதுன்னு நேத்து அந்த டாக்டர் பிள்ள உங்கிட்டச் சொன்னா. என் காதுல விழுந்துச்சு. காப்புக் கட்டுன வீட்டுல முட்டைய வச்சிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட முனியசாமி முன்னால போயி நிக்க?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?”

“உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான வச்ச?”

தெரிந்துதான் வைத்தாள். மருந்து என்று நினைத்தால் மருந்து, முட்டை என்று நினைத்தால் முட்டை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் மோர்ச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மம்சாபுரத்து இந்த வீட்டில் இப்போது எல்லாமே அந்தக் கிடாவைச் சுற்றித்தான் நடக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ராஜபாளையம் சாலையில் மகன் லிங்கேஸ்வரனின் பைக்கை லாரி அடித்துத் தள்ளியது. அவன் மதுரையில் நினைவில்லாமல் கிடந்தபோது, “என் பட்டியிலேயே நல்ல கிடா உனக்கு” என்று சோலைராஜ் முனியசாமிக்கு நேர்ந்தார். மகன் பிழைத்தான். இடது காலைச் சற்று இழுத்து நடந்தாலும், பேண்டேஜ் மில்லுக்கு வேலைக்குப் போகிறான். பட்டியிலேயே நல்ல கிடா என்றால் ஊருக்கே தெரியும். முகத்தில் செம்பட்டைக் கோடு இறங்கிய செங்கன்னிக் கிடா.

ஆனால் போன மழைக்காலத்தில் வந்த நோயில் பட்டி காலியானது. அந்தக் கிடாவும், ஈத்து ஓய்ந்த ஒரு கிழட்டு ஆடும் மட்டும் நின்றன. இருளம்மாள் உட்கார்ந்து அழவில்லை. தளவாய்புரத்தில் இருக்கும் தங்கை வெள்ளத்தாயிடம் பேசினாள். அங்கே பெண்கள் வளர்க்கும் இருபது ஆடுகளை இந்தக் கிடாவோடு சேர்ப்பது, ஒவ்வோர் ஈத்திலும் ஒரு குட்டி இருளம்மாளுக்கு என்பது பேச்சு. பட்டி மறுபடி நிறையும்.

அப்போதுதான் கோயில் கமிட்டித் தலைவரும் சோலைராஜின் அண்ணனுமான பாண்டிதுரை கொடைத் திருவிழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்துப் போட்டார். நாளை, வெள்ளிக்கிழமை கிடா வெட்டு. தளவாய்புரத்து ஆடுகள் பருவத்துக்கு வருவதோ ஞாயிற்றுக்கிழமை. கால்நடை மருத்துவர் ஹஃப்ஸா அதற்கென்று மருந்துப் பஞ்சு வைத்து எல்லா ஆடுகளையும் ஒரே நாளுக்குக் கொண்டு வந்திருந்தாள். கிடா போன பிறகும் அதன் வித்து மூன்று நாள் குளிரில் உயிரோடு இருந்தால் போதும். அதைக் கலந்து வைத்து, பிறகு ஊசியில் ஆடுகளுக்கு ஏற்றத்தான் அந்தப் பாட்டில் கரைசல்.

இருளம்மாள் ஹஃப்ஸாவுக்குப் போன் போட்டாள்.

“தாயி, நீ வச்சிட்டுப் போனத எங்க வீட்டுல கொட்டிட்டாவ.”

“பரவால்லக்கா. முட்டை இங்க இருக்கு, நான் வேற செஞ்சு எடுத்துட்டு வாரேன்.”

“அது வேண்டாம். முட்டை கலந்தது எதுவும் அந்தக் கிடா பக்கத்துல வராதுன்னு இப்பதான் அவியளுக்கு வாக்குக் குடுத்தேன். நேர்த்தி பங்கப்படக் கூடாது. வித்தும் போகக் கூடாது. முட்டை இல்லாம முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு.”

“பால்ல செய்யலாம்.”

“செஞ்சு பாத்திருக்கியா?”

“இல்ல.”

“பாத்துருவோம்” என்றாள் இருளம்மாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹஃப்ஸாவின் வீட்டுச் சமையலறை காலையிலேயே அவள் வசம் போயிருந்தது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் இன்னொரு பாத்திரத்தில், கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து வைத்திருந்தாள். தெர்மாமீட்டர் ஒரு கையில். பால் நன்றாகச் சூடேறி, அதே சூட்டில் செத்த நேரம் நின்றால்தான் அதிலிருந்து வித்துக்குக் கெடுதல் செய்யும் சத்து ஒடுங்கும். பொங்கிவிடவும் கூடாது.

“இட்லி அவிக்கணும், எப்பத்தான் அடுப்ப விடுவ?” என்று அம்மா ஜெய்னப் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம், உம்மா.”

“போன வாரம் பொண்ணு பாக்க வந்தாங்களே, உங்க பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுதுன்னு அந்தம்மா கேட்டாங்க. முருங்கைக்கீரைன்னு சொல்லிட்டேன்.”

“பொய் இல்லையே உம்மா.”

“பாதி உண்மை. கிடா பாதிய நிக்காஹ் முடிஞ்ச பொறவு சொல்லிக்கலாம்.”

“முதல்லயே சொல்லுங்க. கேட்டு ஓடுறவங்க முதல்லயே ஓடட்டும்.”

ஜெய்னப் சிரித்தாலும், அடுப்பின் மறுபக்கம் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியை ஒரு முறை கவனமாகப் பார்த்தார். இலைப்பச்சை கறுத்த நிறத்தில் முருங்கை இலைச்சாறு. நிழலில் உலர்த்திப் பொடித்து, சாறு இறக்கி, பல முறை வடிகட்டியது. இந்த ஆராய்ச்சிக்கு அவரும் ஒரு காரணம். வெண்ணெய் உருக்கும்போது அவர் ஒரு கொத்து முருங்கை இலையைப் போடுவார். நெய் காறாமல் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவள் பிற்பாடு கல்லூரியில், குளிரில் வைத்த விந்தணு ஏன் சாகிறது என்று படித்தாள். அதன் மேல்தோலில் இருக்கும் கொழுப்பு, நாள்பட்ட எண்ணெய் போலக் காறிப்போகிறது. நெய்யைக் காப்பாற்றுகிற இலை இதைக் காப்பாற்றாதா என்று அவள் கேட்டாள். முட்டைக் கரைசலில் கலந்து பார்த்தாள். வெறும் கரைசலில் இரண்டாம் நாளே துவண்டவை, இலைச்சாறு சேர்த்ததில் நான்காம் நாளும் நீந்தின. அளவு கூடினால் அந்தச் சாறே கொன்றுவிடும் என்பதையும் பார்த்தாள்.

பாலில் எவ்வளவு விடுவது என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முட்டைக்கு விட்டதில் பாதியை விட்டாள். விட்டுவிட்டு, கையை ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தாள்.

“பிஸ்மி சொன்னியா?” என்றார் ஜெய்னப்.

“சொன்னேன்.”

*

கிடாவிடம் வித்து எடுக்கப்போகும் செய்தி மதியத்துக்குள் பாண்டிதுரைக்குப் போய்விட்டது. கண்மாய்க் கரையில், முனியசாமி கோயில் பந்தலுக்குக் கீழே அவர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். கிடாவைக் காலையிலேயே அங்கே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள், பந்தல் போடுகிறவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. ஹஃப்ஸா ஸ்கூட்டரைப் புளியமரத்தடியில் நிறுத்தினாள். லிங்கேஸ்வரன் கிழட்டு ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி நின்றான். அதற்குப் பருவம் வர ஹஃப்ஸா முன்பே ஊசி போட்டிருந்தாள்.

“அந்த ஆட்ட எதுக்குலே இங்க ஓட்டிட்டு வார?” என்றார் பாண்டிதுரை.

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும் பெரியப்பா.”

“காப்புக் கட்டுன அன்னிக்கே அது சாமி கிடா. கொம்புலேர்ந்து குளம்பு வரைக்கும் சாமிக்கு. வித்து மட்டும் உங்க வீட்டுதா? சாமி சொத்தத் திருடுதியளோ?”

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. இருளம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அத்தான், நேர்ந்து ரெண்டு வருசமாச்சு. சாமி கிடான்னு கயிறு கூடப் போடாம அவுத்து விட்டுருந்தோம். உங்க வீட்டுக் கருப்பாடு ரெண்டு ஈத்து ஈனுச்சே, அது யாரு வித்து? சாமிகிட்டக் கேட்டுட்டா சேத்திய?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அது தானா நடந்தது.”

“இதுவும் தானாத்தான் நடக்கப் போகுது. ஆடு நிக்கும், கிடா ஏறும். ஏந்துத குழாய் மட்டுந்தான் நம்மளுது.”

சிரிப்பு கூடியது. பாண்டிதுரையின் முகம் கறுத்தது. வாதத்தில் இவளை வெல்ல முடியாது என்று தெரிந்தவர், வாதத்தைச் சாமியிடம் தள்ளிவிட்டார்.

“நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். மஞ்சத் தண்ணி ஊத்துவோம். கிடா துலுக்குனா எடுத்துக்கோ. துலுக்கலைன்னா உன் டாக்டரக் கூட்டிக்கிட்டு வீட்டப் பாத்துப் போ.”

வெட்டுக்கு முன்னால் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது துலுக்கினால், அதாவது உடம்பைச் சிலிர்த்து உதறினால், சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வெட்டுக்கு மட்டுமே கேட்கிற உத்தரவை இப்படி வேறொன்றுக்குக் கேட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் இருளம்மாள் மறுக்கவில்லை.

“ஊத்துங்க.”

பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் கொம்புகளுக்கு நடுவே இறங்கி, செம்பட்டைக் கோட்டில் ஓடித் தாடியில் சொட்டியது. கிடா கண்ணைச் சிமிட்டியது. அசை போட்டது. வேறொன்றும் செய்யவில்லை. பூசாரி காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. லிங்கேஸ்வரன் தன் நல்ல காலில் எடை மாற்றி நின்றான்.

“சாமி இல்லைன்னுட்டாரு” என்றார் பாண்டிதுரை. “போதுமா?”

“போதும்” என்றாள் இருளம்மாள். “ஏலே லிங்கம், கிடாவ அவுருலே. வீட்டுக்கு ஓட்டு.”

“எங்கிட்டு ஓட்டுத? நாளைக்கு வெட்டு இருக்கு.”

“என்ன வெட்டு? துலுக்காத கிடாவ வெட்டப்பிடாதுங்கிறது நம்ம ஊருச் சட்டந்தான? தண்ணி ஊத்தியாச்சு. துலுக்கல. கிடா வேண்டாம்னு சாமி சொல்லிட்டாரு.”

“அது வெட்டுக்குக் கேக்கல. இது வேற கேள்வி.”

“நீங்க மனசுக்குள்ள என்ன கேள்வி வச்சிருந்தியன்னு கிடாவுக்கு எப்படித் தெரியும்? சாமி ஒண்ணு, தண்ணி ஒண்ணு. இன்னிக்கு இல்லைன்னவரு நாளைக்கு ஆமான்னா ஊரு எத நம்பும்? உங்க மகன் லீவு முடிஞ்சு துபாய்க்குப் போகணும்னு கொடையவே முன்னால இழுத்துப் போட்டிய. அதுக்குச் சாமி கோவிச்சிக்கிட்டாருன்னு நான் சொல்லுதேன். இல்லைன்னு சொல்லுங்க, பாப்போம்.”

பந்தல்காரர்கள் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். “அது சொல்லுததுல ஞாயம் இருக்கு தலைவரே. துலுக்காத கிடா மேல நான் அருவா போட மாட்டேன்.”

“என் மகன் உயிருக்கு நேர்ந்தது” என்றாள் இருளம்மாள். குரல் இப்போது தணிந்திருந்தது. “அத ஏமாத்த எனக்கு என்ன பைத்தியமா? கிடாவ நானே கழுவி, நானே மால போட்டு அனுப்புவேன். ஆனா அவரு குடுத்தத அவரு எடுத்துக்கிடட்டும். என் பட்டிய எடுக்க யாருக்கும் உத்தரவு இல்ல.”

பாண்டிதுரை பூசாரியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். மஞ்சள் தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். கிடா துலுக்காவிட்டால் கொடை நிற்கும், கொடை நின்றால் கமிட்டி நிற்கும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. முழுக் குடத்தையும் கிடாவின் தலையில் கவிழ்த்தார்.

அந்த நேரம் காற்று திரும்பியது. லிங்கேஸ்வரன் பிடித்திருந்த கிழட்டு ஆட்டின் வாடை கிடாவை எட்டியது. அது கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. பிறகு கொம்பிலிருந்து வால் வரை ஒரே உதறாக உதறியது. பாண்டிதுரையின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

குலவைச் சத்தம் எழுந்தது. பின்னால் நின்ற ஒருவன் கேட்டான்: “இது எந்தக் கேள்விக்கு?”

“ரெண்டுக்கும் சேத்துத்தான்” என்றாள் இருளம்மாள்.

*

ஹஃப்ஸா வித்தை ஏந்தும் ரப்பர் குழாயின் இரட்டைச் சுவருக்குள் வெந்நீர் நிரப்பிச் சூடு பார்த்தாள். கிடாவின் அடிவயிறு ஈரமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் வித்து பாழ். லிங்கேஸ்வரன் மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த பேண்டேஜ் பஞ்சை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே கிடாவிடம் ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற ஹஃப்ஸாவுக்குக்கூடக் கேட்கவில்லை.

“ஒரு பொம்பளப் பிள்ள, இத்தனை ஆம்பளைங்க முன்னால” என்று கமிட்டிக்காரர் ஒருவர் தொடங்கினார்.

“கூச்சப்படுறவங்க திரும்பி நின்னுக்கலாம் அண்ணே” என்றாள் ஹஃப்ஸா. “எனக்குக் கூச்சம் இல்ல.”

ஆச்சரியமாக, பாதிப்பேர் திரும்பி நின்றார்கள். மேற்கே மலையை அவ்வளவு அக்கறையாக மம்சாபுரத்து ஆண்கள் பார்த்தது அன்றுதான்.

கிடாவின் கொம்பைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சோலைராஜ் வந்தார். காப்புக் கட்டிய கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, கேக்கேன்னு தப்பா நினைக்காதிய. இதுல முட்டை இல்லைல்லா?”

“இல்லண்ணே. பாலும் முருங்கையும்தான்.”

“அப்பச் சரி” என்று கொம்பைப் பிடித்தார். அண்ணன் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. கண்ணாடிக் குழாயின் அடியில் பாலாடை நிறத்தில் ஒரு விரற்கடை வித்து. இளஞ்சூட்டில் வைத்திருந்த பால் கரைசலில் ஹஃப்ஸா அதை மெல்லக் கலந்தாள். குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, அதைச் சுற்றிப் பஞ்சை அடைத்து, பால்கோவா பார்சல் வருகிற தெர்மோகோல் பெட்டியில் வைத்தாள். ஐஸ் ஓரத்தில் இருந்தது. குழாயில் படக் கூடாது. திடீர்க் குளிர் பட்டாலும் சாகும்.

“இத மாட்டு ஊசி மாதிரி நைட்ரஜன்ல போட்டுற முடியாதாக்கும்?” என்றான் லிங்கேஸ்வரன்.

“கிடா வித்த உறைய வைக்குற வசதி இங்க இல்ல. குளிர்ல மூணு நாள்தான் நம்ம கையில.”

பெட்டியை அவன் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். அப்போது பாண்டிதுரை, சட்டை மஞ்சள் காயாமலே, அருகில் வந்தார்.

“வித்து சாமி உத்தரவுல வந்ததுன்னா, பிறக்குத குட்டியும் சாமிக்குத்தான். கமிட்டியில பேசிக்கிடுதேன்.”

“சாமியே வந்து மேய்க்கட்டும் அத்தான்” என்றாள் இருளம்மாள். “அம்புட்டையும் ஓட்டி விடுதேன்.”

*

சாயங்காலம் இருளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஹஃப்ஸாவின் அறையில் மைக்ராஸ்கோப் மேஜையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டை வைத்துச் சரிசெய்துவிட்டு, “பாருங்கக்கா” என்றாள்.

இருளம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சம் அசைந்தது. கண்மாய் மறுகால் பாயும்போது மீன்குஞ்சுகள் ஏறுவது போல, ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டு எங்கேயோ அவசரமாகப் போயின.

“எம்புட்டு!” என்றாள். பிறகு எதுவும் சொல்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது இன்னிக்கு. நாளைக்கும் நீந்தும். ஞாயித்துக்கிழமை காலைல எத்தனை நீந்தும்னு எனக்குத் தெரியாது. பால்ல இதான் முதல் தடவ. பொய் சொல்ல மாட்டேன்.”

“நீ பொய் சொல்லாததாலதான் நான் உன்ன நம்புதேன்.”

ஜெய்னப் குளிர்சாதனப் பெட்டியில் நெய்ப் பாட்டிலை ஓரமாக நகர்த்தி, டம்ளர் நிற்க இடம் செய்தார். இருளம்மாளின் போன் ஒலித்தது. தளவாய்புரத்திலிருந்து வெள்ளத்தாய்.

“அக்கா, பாண்டிதுரை அண்ணாச்சி ஆளுக பைக்குல வந்துட்டுப் போனாவ. சாமி கிடா வித்த ஊசியில ஏத்துனா ஆடு மலடாப் போயிரும்னு வீடு வீடாச் சொல்லியிருக்காவ. பொம்பளைய எல்லாரும் பயந்து போயி, ஊசி வேண்டாம்கிறாவ.”

இருளம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“எல்லாருமா?”

“எல்லாருந்தான்.”

“நீ?”

மறுமுனையில் யாரோ பின்னாலிருந்து ஏசுவது கேட்டது. வெள்ளத்தாயின் மாமியார் குரல்.

“ஏட்டி, உன்னத்தான் கேக்கேன்.”

“என் ரெண்டு ஆடு நிக்கும்க்கா” என்றாள் வெள்ளத்தாய், மாமியாருக்கும் கேட்கும்படி சத்தமாக.

“ரெண்டு போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன். நாளைக்குக் கிடாவ அனுப்பி வச்சிட்டு, சனிக்கிழம முதல் பஸ்ஸுக்கு வாரேன். அவன் ஆளுக வீடு வீடாப் போனா என்ன? எனக்குக் கால் இல்லையா?”

போனை வைத்தாள். ஹஃப்ஸா அவளைப் பார்த்தாள்.

“சனிக்கிழம நானும் வாரேன்க்கா. மைக்ராஸ்கோப்ப எடுத்துட்டு வாரேன். அவங்களும் குனிஞ்சு பாக்கட்டும்.”

“மலடா இல்லையான்னு அவளுகளே சொல்லட்டும்” என்றாள் இருளம்மாள்.

ஜெய்னப் குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்காமல், ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.